நாற்பதைத் தாண்டாத கார்

"என்னை யாரோ ஊரை விட்டு வெளிய போக விடமாட்டேங்கிறாங்க மேடம்."

இதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஷெட்டுக்குள் எங்கள் மூன்று பேரைத் தவிர இருந்தது அவளுடைய கார் மட்டும்தான். அதன் காதில் விழுந்துவிடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ.

வெள்ளை எலக்ட்ரிக் கார். ஒரு கை மாறி வந்தது. வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஓடினாலும் சத்தம் இல்லை, நின்றாலும் சத்தம் இல்லை. அந்த மாதிரி ஆசாமிகளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

என்னைப் பஞ்சர் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பத்து வருடம் பஞ்சர் கடை வைத்திருந்ததில் இது ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் குனிந்து, சுவரில் இருந்த சார்ஜர் பெட்டியை மூக்கு உரசப் பார்த்துக்கொண்டிருந்தவர் மேடம். இருபத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுத்தவர். மீட்டர் ஓடுகிற வேகத்தை வைத்தே அந்த வீட்டில் எத்தனை பேர், யார் யாரோடு பேசுவதில்லை என்று சொல்லிவிடுவார். வேலையை விட்டுவிட்டு அவர் துப்பறியும் நிறுவனம் தொடங்கியபோது சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது வேலை இல்லை.

"முதல்லேருந்து சொல்லும்மா," என்றார் மேடம்.

அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. கணவன் கப்பலில். ஆறு வயதுப் பெண் குழந்தை, காய்ச்சலோடு மாடியில் தூங்குகிறது. அந்த அறைக்கு நேர் கீழேதான் இந்த ஷெட்.

"சாயங்காலம் வந்து சார்ஜ் போடுவேன். எவ்வளவு ஏறணும்ங்கிற லிமிட்டை நூறு சதவீதம்னு வைப்பேன். அஞ்சு நிமிஷத்துல அதுவா நாற்பதுக்கு இறங்கிடும். நான் ஏத்துவேன், அது இறங்கும். யாரோ பக்கத்துல நின்னு என் கையைத் தட்டி விடற மாதிரி."

"நாற்பதுல எவ்வளவு தூரம் போகலாம்?"

"கடைக்குப் போயிட்டு வரப் போதும். அக்கா வீடு இருநூறு கிலோமீட்டர். அங்க போக முடியாது."

"வழியில சார்ஜ் போட்டுக்கலாமே?" என்றேன். கேட்ட வாயை அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. என்னிடமும் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் இருக்கிறது. நான் குடியிருப்பது மூன்றாவது மாடி, பிளக் இருப்பதும் மூன்றாவது மாடி, ஸ்கூட்டர் நிற்பது தெருவில். ஜன்னல் வழியாக ஒயர் தொங்கவிட்டேன். வீட்டுக்காரர் கத்தரிக்கோலோடு வந்தார். அன்றிலிருந்து கண்ட இடத்தில் கெஞ்சி வாங்கிக் கால் வயிறும் அரை வயிறுமாக அதை வளர்க்கிறேன். அன்று காலை அதில் பதினைந்து சதவீதம் இருந்தது.

"போன ஞாயிற்றுக்கிழமை பாப்பாவோட கிளம்பிட்டேன்," என்றாள் அவள். "நெடுஞ்சாலை சார்ஜர்ல நாற்பது வந்ததும் நின்னுடுச்சு. நான் ஏத்தினேன். மூணாவது தடவை ஏத்தினதும் ஹாரன் அடிக்க ஆரம்பிச்சுது. நாங்க ரெண்டு பேரும் வெளிய நிக்கிறோம், உள்ள ஆளே இல்ல. நிறுத்தாம அலறுது. பிளக்கைப் பிடுங்கினப்புறம்தான் நின்னுது. பாப்பா நடுங்கிட்டா. அப்படியே திரும்பி வந்துட்டோம்."

ஷெட்டின் ஷட்டரைப் பாதி திறந்து வைத்திருந்தோம். அதை முழுசாகத் திறந்து வைத்தேன்.

போலீசில் சிரித்தார்களாம். கார் கம்பெனியில் அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்களாம். விற்ற புரோக்கரின் போன் அணைந்தே கிடக்கிறதாம். பயந்துபோய், கார் இருக்கிற இடத்தைக் காரோடு இணைந்த போன் ஆப்பில் காட்டுவதை மட்டும் வாங்கின இரண்டாம் நாளே அவள் அணைத்துவிட்டிருந்தாள்.

"அதையாவது செஞ்சீங்களே," என்றார் மேடம். "இது யாரு எழுதினது?"

ஒரு சின்ன நோட்டு. கண் பவர் எழுதிப் பழகிய கை. கட்டம் போட்டு, தேதியும் நேரமும் பொடிப்பொடியாக எழுதியிருந்தது.

"நான்தான். கார் கடை வாசல்ல சும்மா நிக்கும்போது கூட ஆப்ல லிமிட்டை நூறுக்கு மாத்திப் பார்ப்பேன். எத்தனை நிமிஷத்துல திரும்ப இறக்குறான்னு எழுதி வச்சேன்."

மேடம் பக்கங்களைப் புரட்டினார். ஒன்றரை நிமிடம், நான்கு நிமிடம், மூன்று நிமிடம். பிறகு அவருடைய விரல் நின்றது. மீட்டரில் ஏதாவது தில்லுமுல்லு கண்டால் அந்த விரல் அப்படித்தான் நிற்கும்.

"பஞ்சர், இங்க பாரு. செவ்வாய், வியாழன், சனி. இந்த மூணு நாள்ல மட்டும் காலையில எட்டுக்கு மாத்தினாலும் பத்துக்கு மாத்தினாலும் பன்னிரண்டே கால் வரைக்கும் யாரும் தொடலை."

"தூங்குறான் போல."

"நீ தூங்குவே. வாரத்துல மூணு நாள் அளந்து வச்சு நாலு மணி நேரம் தூங்குறவன் யாரு?" மேடம் காருக்குள் உட்கார்ந்து திரையைத் தட்டினார். "அம்மா, இதுல பழைய சார்ஜிங் இடமெல்லாம் இருக்குமே, எங்க?"

பட்டியல் வந்தது. அவள் வாங்குவதற்கு முந்தைய மாதங்கள் முழுக்க ஒரே இடம். செவ்வாய், வியாழன், சனி. காலை ஏழு ஐம்பதிலிருந்து பன்னிரண்டே கால். ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்துமிடம்.

"அங்க இருக்கிறது நத்தை சார்ஜர்," என்றார் மேடம். "அதுல நாலு மணி நேரம் போடணும்னா, நாலு மணி நேரம் வேற வேலை இருக்கணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலு மணி நேரம். என்ன அது?"

"டயாலிசிஸ்," என்றாள் அந்தப் பெண் மெல்ல.

"அதேதான். அந்த வார்டு தரைக்குக் கீழே. நான் மீட்டர் பார்க்கப் போயிருக்கேன், பொட்டு சிக்னல் கிடையாது. இது பழைய சொந்தக்காரன் வேலை. வித்துட்டான், ஆனா அவன் போன்ல கார் இன்னும் இருக்கு." மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு சனிக்கிழமை. மணி பத்து இருபது. அவன் கண்ணு இப்ப மூடியிருக்கு."

அடுத்த பத்து நிமிடத்தில் நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு நான் மறைத்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

திரையில் "இணைந்த போன்கள்: இரண்டு" என்று இருந்தது. ஒன்று அவளுடையது. இன்னொன்றின் மேல் நானே என் கையால் 'நீக்கு' என்று அழுத்தினேன். லிமிட்டை நூறுக்கு ஏற்றினேன். பிளக்கைச் செருகினேன். திரையில் இருபத்தைந்து காட்டியது, மணி பத்தரை. சாயங்காலம் நாலு மணிக்குள் வயிறு நிறைந்துவிடும், குழந்தையோடு அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்கு.

"ஷட்டரை இழுத்துப் பூட்டிடும்மா," என்றார் மேடம். "போனையும் அணைச்சு வை. நாங்க அவனைப் பிடிச்சப்புறம் அவன் ஆளுங்க யாராவது வந்தாலும் வரலாம். யார் பெல் அடிச்சாலும் திறக்காதே. மேல போய் பாப்பா பக்கத்துல படு. எத்தனை நாளாச்சு தூங்கி?"

அவள் கண் கலங்க மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கூட அந்த நேரத்தில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியை அடைந்தபோது ஸ்கூட்டரில் எட்டு சதவீதம். இரண்டு பேரைச் சுமந்தால் அதுவும்தான் என்ன செய்யும்? சார்ஜிங் இடத்துக்கு ஆசையோடு ஓடினேன். இரண்டு சார்ஜர். ஒன்றின் தலையில் பிளாஸ்டிக் பை கவிழ்த்திருந்தார்கள். இன்னொன்றின் முன்னால் ஒரு பெட்ரோல் கார் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது.

"நிழல் இருக்குன்னு நிறுத்தியிருக்கான் மேடம். கல்யாணப் பந்தியில சாப்பிட்டவனே மறுபடியும் உட்கார்ந்த மாதிரி."

"வாயை மூடிக்கிட்டு வா."

கீழ்த்தளத்திலிருந்து மேலே வருகிற சரிவுப் பாதையின் முடிவில் நின்றோம். பன்னிரண்டு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்தார்கள். கையில் பஞ்சும் பிளாஸ்திரியும். முகத்தில் ரத்தமே இல்லை.

"இத்தனை பேர்ல எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"இந்த இடத்துலதான் சிக்னல் வரும். எல்லாரும் போனைக் காதுல வச்சு, முடிஞ்சுது, வண்டி எடுத்துட்டு வான்னுவாங்க. காதுல வைக்காம எவன் திரையைப் பார்க்கிறானோ அவன்தான்."

ஒரு பெண்ணையும் குழந்தையையும் இரண்டு மாதம் கூண்டில் வைத்தவன் எப்படி இருப்பான் என்று மனசு என்னென்னவோ படம் போட்டுக்கொண்டிருந்தது. நான்கு பேர் போனைக் காதில் வைத்துக்கொண்டு போனார்கள். ஐந்தாவதாக வந்தவர் காதில் வைக்கவில்லை.

ஒல்லியான மனிதர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா, கழுத்தில் நூலகத்தின் அடையாள அட்டை. போனைத் திறந்தார். ஒரு விரலால் தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நான் பாய்ந்து அவர் தோளைப் பிடித்தேன். "மாட்டினியா?"

அவர் என்னை உதறவில்லை, ஓடப் பார்க்கவில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். 'இந்த வாகனத்தைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி இல்லை' என்று இருந்தது.

"என்னை யாருங்க நீக்கினது?" என்றார். "சார்ஜ்ல இருக்கா? சொல்லுங்க, இப்ப வண்டி சார்ஜ்ல இருக்கா?"

"இருக்கு," என்றார் மேடம். "நூறு வரைக்கும்."

அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெள்ளத்துல ரெண்டு நாள் முழுகின வண்டிம்மா அது. காய வச்சு சார்ஜ் போட்டேன். அறுபது வந்ததும் அடியிலிருந்து புகை. மெக்கானிக் பார்த்துட்டு, நாற்பதுக்கு மேல போனா பேட்டரி சூடாகி எரிஞ்சிடும், உடைச்சுப் போடுங்கன்னான். உடைக்கத்தான் புரோக்கர்கிட்ட கொடுத்தேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி பார்க்கிறேன், செத்த வண்டி ஆப்ல ஓடுது!"

"போலீசுக்குப் போக வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

"புரோக்கரைக் கேட்டேன். நீயும்தானே விக்கிற பேப்பர்ல கையெழுத்துப் போட்டே, சேர்ந்தே உள்ள போவோம்ன்னான். உள்ள போனா வாரத்துக்கு மூணு நாள் எனக்கு யாருங்க ரத்தம் சுத்தம் பண்ணுவாங்க? பயந்துட்டேன். ஒரே ஒரு நாள் வண்டி இருக்கிற இடம் புள்ளியா தெரிஞ்சுது. நேரா போய்ச் சொல்லிடலாம்னு கிளம்பறதுக்குள்ள புள்ளி மறைஞ்சிடுச்சு. அப்புறம் என்னால முடிஞ்சது லிமிட்டைக் குறைக்கிறதுதான். சூடு ஏறினா ஹாரன் அடிப்பேன், பயந்தாவது கழட்டுவாங்கன்னு."

மேடத்தின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று புரிந்தது.

"நாலு நிமிஷத்துக்கு ஒரு சதவீதம் ஏறுது. பத்தரைக்கு இருபத்தஞ்சு. இப்ப பன்னிரண்டு இருபது. அம்பத்திரண்டு ஆகியிருக்கும். அறுபது ஆக இன்னும் அரை மணி நேரம்." அவர் போனை எடுத்தார். அந்தப் பெண்ணின் எண்ணை அழுத்தினார். அணைந்திருந்தது. நாங்கள்தானே அணைக்கச் சொன்னோம்.

தீயணைப்பு நிலையத்தில் எடுத்தார்கள். வண்டி வேறு இடத்தில் இருக்கிறது, எப்படியும் இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். டாக்சி பத்து நிமிடம் என்றது.

"பஞ்சர், ஸ்கூட்டர்ல எவ்வளவு?"

"எட்டு."

"ரெண்டு பேர் போனா தாங்காது. நீ மட்டும் போ. அவ கதவைத் திறக்கமாட்டா. கெஞ்சிக்கிட்டு நிக்காதே. வெளிச்சுவர்ல மீட்டர் பெட்டி இருக்கு. பூட்டியிருக்கும். சாவி பெட்டி மேலயே இருக்கும். இருபத்திரண்டு வருஷத்துல எல்லா வீட்டுலயும் அங்கதான் பார்த்திருக்கேன். மெயினை இறக்கிடு."

ஓடினேன்.

வேகமாகப் போனால் சார்ஜ் தீர்ந்துவிடும். மெதுவாகப் போனால் நேரம் தீர்ந்துவிடும். மிதிவண்டிக்காரர் ஒருவர் என்னை முந்திக்கொண்டு போனார். எட்டு, ஏழு, ஆறு என்று என் எண் இறங்க இறங்க, அங்கே அந்த எண் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதே மனசில் ஓடியது. காய்ச்சலில் தூங்குகிற அந்தக் குழந்தையை நான் பார்த்ததுகூட இல்லை. மாடிப்படியில் கிடந்த அதன் சின்னச் செருப்பைத்தான் பார்த்திருந்தேன். அழுகை வந்தது. ஹெல்மெட்டுக்குள் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

தெருமுனையில் ஸ்கூட்டர் இரண்டைக் காட்டிவிட்டு ஆமை வேகத்துக்கு மாறியது. அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மணி பன்னிரண்டு நாற்பத்தைந்து.

பழக்கதோஷம், பெல்லைத்தான் முதலில் அழுத்தினேன். மேலே ஜன்னல் திரை அசைந்தது. ஹெல்மெட் போட்ட ஒருவன் கதவை இடிப்பதை அவள் பார்த்திருக்க வேண்டும். உள்ளே ஏதோ கனமான சாமானைக் கதவுக்குப் பின்னால் இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. எங்கள் பாடத்தை அவள் ஒழுங்காகப் படித்திருந்தாள்.

மீட்டர் பெட்டி. பூட்டு. கையை மேலே வைத்துத் துழாவினேன். தூசி, காய்ந்த இலை, சாவி! மேடத்துக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது. மெயினை இழுத்து இறக்கினேன். மாடியில் மின்விசிறி நிற்கிற சத்தம் தெருவரை கேட்டது. அந்த அமைதியில் குழந்தை வீலென்று அழுதது.

ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தேன். "அக்கா! நான்தான், பஞ்சர்! அந்த ஆளு உங்களைத் தடுக்கலை, காப்பாத்திக்கிட்டு இருந்தாரு! தப்பு எங்களோடது! வண்டி எரியப் போகுது, பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய வாங்க!"

என் குரல் கிழிந்த லட்சணத்திலேயே நம்பினாளோ என்னவோ, கதவு திறந்தது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் இரும்புத் தோசைத் திருப்பி போல ஏதோ ஒன்று. குழந்தையை என்னிடம் கொடுத்தாள். நெருப்பாகக் கொதித்தது உடம்பு. அதைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக் காலி மனைக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அவள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, விடுங்க! உள்ள போகாதீங்க!"

"மேல என் வீடு இருக்கு, ரெண்டு பக்கமும் ஆளுங்க இருக்காங்க," என்றாள். உள்ளே போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

எத்தனை வினாடி என்று தெரியாது. சத்தமே இல்லாமல் அந்த வெள்ளைக் கார் பின்னால் உருண்டு வந்தது. தெருவைக் கடந்து, காலி மனையின் இன்னொரு கோடி வரை போய் நின்றது. அவள் இறங்கி ஓடி வந்தாள். காருக்கு அடியில் வெயிலில் மெல்லிசாக ஒரு புகை தெரிந்தது.

"எவ்வளவு காட்டிச்சு?" என்றேன்.

"அம்பத்தொன்பது."

குழந்தையை என்னிடமிருந்து பறித்துக்கொண்டாள். அதன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். ஆறு நிமிடம் கழித்து, பட்டப்பகல் வெயிலில், கார் அடியிலிருந்து கொளுத்திக்கொண்டது. தீயணைப்பு வண்டி வந்து ஒரு மணி நேரம் தண்ணீர் அடித்தும் அது அடங்குவேனா என்றது. அந்தத் தீ ஷெட்டுக்குள், அந்த அறைக்குக் கீழே எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை.

அதற்குள் டாக்சியில் மேடமும் நூலகரும் வந்துவிட்டார்கள். மேடம் நேராக அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றார். "புத்திசாலித்தனம்னு நினைச்சு உன் காவலை நானே எடுத்துட்டேம்மா. என்னை மன்னிச்சிடு." வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்டேன்.

அந்தப் பெண் நூலகரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் ஒருவரை ஒருவர் பார்க்காமலே பயந்தவர்கள்.

"நீங்கதானா?" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். பிளாஸ்திரி ஒட்டிய கையைக் குழந்தையின் தலையில் வைக்கப் போய், தயங்கி, எடுத்துக்கொண்டார். அவள் அந்தக் கையைப் பிடித்து வைத்தாள்.

"ஸ்டேஷனுக்கு நானே வரேன்," என்றார் அவர் மேடத்திடம். "இனிமே பயந்து பிரயோஜனம் இல்ல. இன்னொன்னும் சொல்லணும். அன்னிக்கு எங்க தெருவுல முழுகினது நாலு கார். நாலும் இதே கம்பெனி, இதே மாடல். நாலையும் அந்த புரோக்கர்தான் எடுத்துட்டுப் போனான்."

மேடம் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

"மத்த மூணு பேரும் ஆப்பை அப்பவே அழிச்சிட்டாங்க," என்றார் நூலகர். "நான்தான் மறந்து வச்சிருந்தேன்."

மேடம் எரிந்து முடிந்த காரைப் பார்த்தார், பிறகு என்னை. "பஞ்சர், புரோக்கர் கடை இருக்கிறது பதினாலு கிலோமீட்டர். ஸ்கூட்டர்ல என்ன இருக்கு?"

"ரெண்டு."

"பக்கத்து வீட்டுல கேட்டு சார்ஜ் போடு. அதுக்குள்ள நான் ஸ்டேஷனுக்குப் பேசிடறேன்."

பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே வாசல் சாக்கெட்டைக் காட்டினார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினேன். ஒயரை எடுத்தேன். சாக்கெட்டுக்கு அரை அடி தூரத்தில் என் கை நின்றுவிட்டது. பிளக்கைப் பிடித்தபடியே வெகுநேரம் நின்றேன். செருகுவதற்கு எனக்குக் கை வரவில்லை.